போதிதருமர் தந்ததா ஜூடோ?

“ஜப்பானியரின் தற்காப்புக் கலைகள் யாவும் காஞ்சியிலிருந்து சென்ற போதிதருமர் தந்த கொடையே” என்னும் முழக்கம் நம் பள்ளி மேடைகளில் அடிக்கடி ஒலிக்கிறது. கைதட்டல் எழுகிறது, மாணவன் மார்பு நிமிர்த்தி வீடு செல்கிறான். யானும் ஒரு காலத்தில் அவ்வாறு முழங்கியவனே. “எந்த நூலில் உள்ளது, ஐயா?” என்று ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி வினவிய அன்று என்னிடம் விடையில்லை. பயிற்சி பெற்ற ஆசிரியனுக்கு அதனினும் பெரிய நாணம் வேறுண்டோ?

உண்மை யாது? போதிதருமரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்புகளுள் ஒன்று அவரைப் பாரசீகத்தவர் என்கிறது. மற்றொன்று தென்னிந்திய அரசகுமாரர் என்கிறது. இரண்டிலும் அவர் போர்க்கலை கற்பித்தார் என்னும் செய்தி இல்லை. சாவோலின் துறவியர்க்கு அவர் அருளியதாகக் காட்டப்படும் உடற்பயிற்சி நூல், 17ஆம் நூற்றாண்டில் எழுந்து அவர்மீது ஏற்றப்பட்டது என்பதே ஆய்வாளர் முடிபு.

ஜூடோவின் பிறப்போ இருளில் மறைந்ததன்று. 1860இல் பிறந்த கானோ ஜிகோரோ மெலிந்த உடலினர். பள்ளி விடுதியில் வலியவரால் துன்புற்றவர். ஜூஜுட்சு என்னும் பழைய மற்போர்க் கலையைக் கற்க 1877இல் ஆசான் ஒருவரை அடைந்தார். அதற்கு முந்தைய ஆண்டில்தான் சாமுராய்கள் வாள் தாங்குவதை அரசு தடை செய்திருந்தது. மேலைநாட்டுப் புதுமையில் மயங்கிய மக்கள் பழைய கலைகளைப் புறக்கணித்த காலம் அது. இரு மரபுகளைக் கற்றுத் தேர்ந்த கானோ, 1882இல் தோக்கியோவின் எய்சோஜி கோயிலில் 12 பாய்கள் விரித்த இடத்தில் கோதோகான் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார்.

அவர் பழமையைப் போற்றியதோடு நின்றாரல்லர். ஊறு விளைக்கும் உத்திகளைப் போட்டிப் பயிற்சியினின்று விலக்கினார். எதிரியின் நிலையைக் குலைத்து எறியும் நுட்பத்தை விளக்கினார். 1883இல் தகுதிப் படிநிலைகளை வகுத்தார். 1895இல் எறிமுறைகளை ஐந்து தொகுதிகளாக அடுக்கினார். உத்தி என்று பொருள்படும் ‘ஜுட்சு’வை விடுத்து, நெறி என்று பொருள்படும் ‘தோ’வைப் பெயரில் ஏற்றினார். இது போர்வீரனின் வேலை அன்று. பாடத்திட்டம் வகுக்கும் ஆசிரியனின் வேலை. ஆம், கானோ நம்மவர். இனத்தால் அன்று, தொழிலால். 1893 முதல் 1920 வரை, இடையிடையே விலகியிருந்த காலம் நீங்கலாக, தோக்கியோ உயர் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் தலைவராக விளங்கியவர் அவர்.

அவர் காலத்திலும் ‘வேர்’ பற்றிய வழக்கு எழுந்தது. ஜூஜுட்சுவைச் சீனர் ஒருவர் கொணர்ந்தார் என்றனர் சிலர். கானோ முழக்கமிடவில்லை. 1888இல் ஆங்கிலேயர் ஒருவரோடு இணைந்து அளித்த கட்டுரையில் பழஞ்சுவடிகளை ஒப்பிட்டு, அக்கூற்றை மறுத்தார். சான்றுக்குச் சான்றால் விடையிறுத்தார்.

“பெருமை ஊட்டாவிடில் மாணவன் எழுவானோ?” என வினவுவோர் உளர். பொய்யின்மேல் எழுப்பிய பெருமை, ஒரு சிறுமியின் ஒரு வினாவுக்கே சரிந்ததை யான் கண்டேன். 1964ஆம் ஆண்டு தோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ முதன்முறையாக இடம்பெற்றபோது, எடை வரம்பற்ற பிரிவில் ஜப்பானின் கமினாகாவை வீழ்த்தித் தங்கம் வென்றவர் நெதர்லாந்தின் கேசிங்க். யார் தொடங்கினார் என்பது அன்று வெற்றி தரவில்லை. யார் பயின்றார் என்பதே தந்தது.

சிலம்பம் ஐயத்திற்கிடமின்றி நம்முடையது. அதனைப் படிநிலை வகுத்து, ஊறின்றி, வகுப்புதோறும் கற்பிக்கும் பள்ளிகள் நம்மிடையே எத்தனை? அயலார் கலைக்கு உரிமை கொண்டாடும் வாய், சொந்தக் கலைக்குப் பாடத்திட்டம் கேட்டால் மௌனம் கொள்வதேன்?

ஆசிரியப் பெருமக்களே, கானோவிடம் கடன் கேட்க வேண்டியது வரலாறு அன்று, உழைப்பு. மேடையில் அடுத்தமுறை போதிதருமரை அழைக்குமுன், அச்சிறுமியின் வினாவை நமக்கு நாமே கேட்டுக்கொள்வோம்.