அச்சேறிய அனுபவம்

இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கங்களைப் பற்றி வாசித்தபோது, ஜேம்ஸ் வாட்டின் நீராவி எந்திரக் காப்புரிமை 1800-ல் முடிந்தபின், ஜோயல் லீன் என்பவர் 1811-ல் தொடங்கிய மாத அறிக்கையொன்று என் சிந்தையை ஆட்கொண்டது. எந்தச் சுரங்கத்து எந்திரம், யாருடைய பொறுப்பில், ஒரு புஷல் என்னும் அளவு நிலக்கரிக்கு எவ்வளவு நீர் இறைத்தது என்பதை, போட்டியாளர் அனைவரும் காணும்படி அது பகிரங்கமாக அச்சிட்டு வந்தது. ஒருவர் கண்ட நுட்பத்தை மற்றவர் கற்று மேலும் செம்மைப்படுத்த, சுமார் முப்பது ஆண்டுகளில் அவ்வெந்திரங்களின் சராசரித் திறன் மும்மடங்கை எட்டியது. வித்தையை ரகசியமாகப் பூட்டி வைப்பதே லாபமென்று கருதும் இன்றைய ஸ்தாபனங்களின் நிர்வாகிகள் இந்தச் சரித்திரத்தை ஊன்றிப் படித்து, தம் ஊழியர் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பதற்கு வேண்டிய அவகாசத்தையும் சுதந்திரத்தையும் மனமுவந்து அளிக்க வேண்டும்.