சுடரும் கரியும்

மார்கழி மாதத்து விடியற்காலை. மயிலைக் கபாலீசுவரர் திருக்கோயிலில் தீபாராதனை கண்டு வெளியே வரும் அடியார்களுக்குத் தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் வழங்கப்படுகிறது. கையேந்தி வாங்கியவர்களுள் முதியோர் சிலர் ஒரு கணம் தயங்கி நிற்கின்றனர். இறைவனுக்குப் படைத்த பிரசாதத்தை மறுப்பது முறையன்று. முழுவதையும் உண்டால் இரத்தத்தில் சர்க்கரை ஏறும். பக்திக்கும் உடல்நலத்துக்கும் இடையே அகப்பட்ட இந்தத் தயக்கத்தை அறியாத இல்லம் இன்று மயிலையிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் அரிது.

நோய் புதியதன்று. சுசுருதர் தமது மருத்துவ நூலில் இதனை மதுமேகம் என்று குறித்துள்ளார். புதியது அதன் பரவல்தான். இந்தியாவிலேயே முதலாவதாக நீரிழிவுக்கென்று தனிப் புறநோயாளர் பிரிவு, 1948-ல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விசுவநாதன் அவர்களால் தொடங்கப்பெற்றது. 1989-ல் சென்னை நகரத்துப் பெரியவர்களில் 8.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. 1995-ல் அது 11.6 ஆயிற்று, 2000-ல் 13.5, 2004-ல் 14.3. பதினைந்து ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ முக்கால் பங்கு உயர்வு!

இது செல்வர் வீட்டு நோய் என்ற எண்ணமும் சென்னையிலேயே பொய்த்தது. 1990-களின் பிற்பகுதியில் தியாகராய நகரின் பாரதி நகரில் எளிய வருவாயினரிடமும், திருமங்கலத்து ஆசியாட் காலனியில் நடுத்தர வருவாயினரிடமும் ஓர் ஆய்வு நடந்தது. அப்போது நடுத்தர வருவாயினரிடம் நோய் ஏறக்குறைய இருமடங்காக இருந்தது. பத்தாண்டுகளுக்குப் பின் மீண்டும் பார்த்தபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டிருந்தது.

சர்க்கரை மிகுந்தால் கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் ஏன் கெடுகின்றன? உயிர்வேதியியல் இதற்குக் கூறும் விளக்கத்தைக் கருவறைத் தூண்டாவிளக்கைக் கொண்டே உணரலாம். திரி அளவோடு இருந்து நெய்யும் அளவோடு சுரந்தால் சுடர் அமைதியாக எரியும். திரியை மிகையாகத் தூண்டினால் சுடர் பெரிதாகும், புகை எழும், விதானத்தில் கரி படியும். விளக்கைக் குறை சொல்வார் இல்லை. தூண்டிய அளவே பிழை.

உடலின் பெரும்பாலான உயிரணுக்களில் மைட்டோகாண்ட்ரியா எனப்படும் நுண்ணிய அடுப்புகள் உள்ளன. உணவிலிருந்து பிறந்த சர்க்கரை, பிராணவாயுவின் துணையால் அங்கே எரிந்து ஆற்றலாகிறது. அவ்வாறு எரிகையில் சிறிதளவு பிராணவாயு நிலைகுலைந்து, அருகில் உள்ள புரதத்தையும் கொழுப்பையும் மரபணு இழையையும் தாக்கும் துகளாக மாறுகிறது. உடல் இதற்கும் ஏற்பாடு செய்தே வைத்திருக்கிறது. சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூடேஸ் என்ற நொதியும் குளுடாதையோன் என்ற பொருளும் அத்துகள்களை அவ்வப்போது அடக்கிவிடுகின்றன. முன்னதன் பணியை 1969-ல் மக்கார்டு, பிரிடோவிச் என்ற அமெரிக்க அறிஞர் இருவர் கண்டறிந்தனர். தாக்குதலும் தடுப்பும் ஒத்திருக்கும் வரை தீங்கில்லை. செலவு வரவை மிஞ்சும் நிலையே ஆக்சிசனேற்ற அழுத்தம்.

கண்ணின் விழித்திரையிலும் சிறுநீரகத்திலும் நரம்பிலும் உள்ள சில உயிரணுக்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. இரத்தத்தில் சர்க்கரை கூடும்போது உள்ளே நுழையும் சர்க்கரைக்குத் தடை போட அவற்றால் இயல்வதில்லை. ஆகவே அங்கேதான் கரி முதலில் படிகிறது. மேலும், மிகுந்த சர்க்கரையை வேறொரு வழியில் கழிக்க முயலும் உயிரணு, குளுடாதையோனைப் புதுப்பிக்க வேண்டிய கையிருப்பையே அதற்குச் செலவிட்டுவிடுகிறது. தாக்குதல் பெருகும் வேளையிலேயே காவலும் குறைகிறது.

இதற்குச் சென்னையிலேயே கிடைத்த சான்று ஒன்று உண்டு. மரபணு இழையின் நுனியில் டெலோமியர் என்ற காப்பு உள்ளது. புடவைத் தலைப்பில் நூல் பிரியாதிருக்கக் குஞ்சம் கட்டுவதைப் போன்றது அது. வயது ஏற ஏற அது தேய்ந்து குறுகும். கோபாலபுரத்தில் டாக்டர் வி. மோகன் அவர்கள் நிறுவிய சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையினர் 2005-ல் வெளியிட்ட ஆய்வு, ஒத்த வயதுடையவர்களை ஒப்பிட்டு, நீரிழிவு உள்ளவர்களிடம் இக்காப்பு மேலும் குறுகியிருப்பதைக் காட்டியது. ஆக்சிசனேற்றச் சேதத்தின் அடையாளங்களும் அவர்களிடம் மிகுந்திருந்தன.

அடுத்து உணவு. பிரசாதம் ஆண்டில் சில நாள், அன்னமோ அன்றாடம். அரிசியின் தவிட்டில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு விடை தேடியதிலும் தமிழகத்துக்குப் பங்குண்டு. குன்னூரில் 1918-ல் பெரிபெரி நோயைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கிய இராபர்ட் மக்கேரிசன், அரிசிக்கும் அந்நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து 1924-ல் வெளியிட்டார். தீட்டிய பச்சரிசியை மட்டுமே நம்பிய வட சர்க்கார் மாவட்டங்களில் அந்நோய் நிலைத்திருக்க, புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்கள் பெரிதும் தப்பின. நெல்லை வேகவைக்கும்போது தவிட்டின் உயிர்ச்சத்து மணிக்குள் இறங்கிவிடுவதே காரணம்.

இன்றைய அரிசி, பச்சரிசியாயினும் புழுங்கலாயினும், ஆலையில் பளபளக்கத் தீட்டப்பட்டே வருகிறது. தவிடு போனதும் நார்ச்சத்தும் போகிறது. சோறு விரைவில் சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கிறது. சென்னையில் நடந்த பெரிய ஆய்வொன்று, தீட்டிய தானியத்தை மிகுதியாக உண்பவர்களிடம் நீரிழிவும் மிகுந்திருப்பதை 2009-ல் எடுத்துக்காட்டியது. 2014-ல் வெளியான மற்றோர் ஆய்வில், உடல் பருத்த சிலருக்கு வெள்ளை அரிசியும், தவிடு நீக்காத அரிசியும், அத்துடன் பயறு சேர்த்த உணவும் வெவ்வேறு நாள்களில் தரப்பட்டன. தவிடு நீக்காத அரிசி உண்டபோது ஒரு நாள் முழுவதற்குமான சர்க்கரை ஏற்றம் சுமார் 20 விழுக்காடு குறைந்தது. பயறும் சேர்ந்தபோது சுமார் 23 விழுக்காடு. பாட்டிமார் காலத்துக் கைக்குத்தல் அரிசியும் பயற்றங்கூட்டும் எவ்வளவு பொருள் பொதிந்தவை என்பது இதனால் விளங்கும். வெல்லம் தீங்கற்றது என்ற நம்பிக்கையை மட்டும் கைவிட வேண்டும். அதிலும் பெரும்பகுதி சர்க்கரையே.

இவ்வாறாயின் ஆக்சிசனேற்றத்தைத் தடுக்கும் மாத்திரைகளை வாங்கி விழுங்கலாமே என்று தோன்றும். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,000 பேருக்கு மேல் பங்கேற்ற ஆய்வின் முடிவு 1994-ல் வெளியாயிற்று. கீரையிலும் காரட்டிலும் உள்ள பீட்டா கரோட்டினை மாத்திரையாக உட்கொண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. சுமார் 18 விழுக்காடு கூடியது. உணவாக வரும்போது நன்மை செய்வது, பிரித்தெடுத்து மிகையாகத் தரும்போது அவ்வாறு செய்வதில்லை. ஏகாதசி விரதம் முடித்துத் துவாதசியன்று அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் உண்பது நெடுங்கால வழக்கம். கீரையில் கரோட்டின் உண்டு. நெல்லியில் வைட்டமின் சி நிறைந்துள்ளது. இலையில் பரிமாறப்படும் அந்த அளவே போதும்.

விரதம் என்றதும் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் சிலவகை மாத்திரைகளோ எடுத்துக்கொண்டு பட்டினி இருந்தால், சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடும். வியர்வை, நடுக்கம், மயக்கம் தோன்றினால் உடனே சர்க்கரை கலந்த நீரையோ பழச்சாற்றையோ பருகுவது கடமை. அதனால் விரதபங்கம் என்று அஞ்ச வேண்டுவதில்லை. எண்பது கடந்தோருக்கும் நோயுற்றோருக்கும் ஏகாதசி உபவாசத்தில் விலக்கு உண்டு என்பதே மரபு. முன்னதாகவே மருத்துவரைக் கலந்து மருந்தின் அளவை மாற்றிக்கொள்வது அறிவுடைமை.

இரண்டாவது எச்சரிக்கை பாதத்தைப் பற்றியது. நரம்பு கெட்ட காலுக்குச் சூடு தெரியாது. பங்குனி, சித்திரை வெயிலில் கொதிக்கும் கற்றரையில் வெறுங்காலுடன் பிரகாரம் சுற்றியவருக்கு, வீடு திரும்பிய பின்னரே கொப்புளம் தெரிகிறது. வலி இல்லாததால் அலட்சியம், அலட்சியத்தால் புண், புண் புரையோடி விரலையோ காலையோ இழந்தவர் பலர். இறைவனை வலம் வந்த காலை அந்த வலத்தினாலேயே இழப்பது எவ்வளவு பெரிய துயரம்! வெயில் ஏறுமுன்போ பொழுது சாய்ந்த பின்போ வலம் வரலாம். விரிப்பு இட்ட வழியிலேயே நடக்கலாம். கோயிலார் அனுமதித்தால் பருத்திக் காலுறை அணியலாம். ஒவ்வோர் இரவும் உள்ளங்கால்களைக் கண்ணாடியில் பார்ப்பதும், குனிய இயலாத பெரியவர்களுக்காக மகனோ மருமகளோ பேரக்குழந்தையோ பார்த்துச் சொல்வதும் பூசைக்கு நிகரான பணியாகும்.

தொன்னையுடன் தயங்கி நிற்கும் முதியவருக்கு விடை கடினமன்று. பிரசாதத்தின் மகிமை அதன் அளவில் இல்லை. இரு விரலால் எடுத்து, கண்ணில் ஒற்றி, வாயில் இட்டுக்கொண்டால் அருள் முழுமையாகக் கிடைத்துவிடுகிறது. எஞ்சியதை அருகில் நிற்கும் குழந்தைக்கு அளித்தால் அதுவும் புண்ணியம். உண்ட பின் நாகேசுவரராவ் பூங்காவை இரண்டு சுற்று நடந்து வரலாம். தசைகள் இயங்கும்போது இரத்தத்துச் சர்க்கரையைத் தாமே ஈர்த்துச் செலவிடுகின்றன.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரம் வகுத்தபோதும் முன் உண்டது செரித்ததை உணர்ந்து அளவறிந்து உண்பதையே முதன்மையாக வற்புறுத்தினார். உடலும் ஆண்டவன் உறையும் ஆலயமே என்பது ஆன்றோர் கொள்கை. அவ்வாலயத்து விளக்கு நெடுநாள் கரியின்றி ஒளிர, திரியைத் தூண்டும் கை சற்றே நிதானிக்கட்டும். எல்லாம் வல்ல இறைவன் அந்த நிதானத்தை அன்பர்கள் அனைவருக்கும் அருள்வானாக.