உருபின்மையும் ஒரு பொருளே

கரமனை அக்கிரகாரத் தெருக்களில் பேசப்படும் தமிழை ஒலிப்பதிவு செய்து ஆய்ந்து வருகிறேன். கேட்டு எழுதிய கோப்புகளைக் கோப்புறையிலிருந்து எடுத்துத் தரவுத்தளத்தில் சேர்ப்பதற்காக, அப்பாச்சி கேமல் என்னும் ஜாவா ஒருங்கிணைப்புச் சட்டகத்தைக் கொண்டு ஸ்பிரிங் பூட்டில் ஒரு சிறு செயலி எழுதினேன். சென்ற மாதம் அதன் சோதனையை இயக்கினேன். பச்சை நிறம் தோன்றியது, சோதனை வெற்றி. கோப்புறையைத் திறந்தால் 43 கோப்புகளையும் காணோம். மூன்று மாத உழைப்பு அது. ஒலிப்பதிவுகள் வேறிடத்தில் இருந்ததால் அவை மட்டும் தப்பின.

நடந்தது இதுதான். சோதனைக்கெனத் தனிக் கோப்புறையைக் குறித்து ‘அப்ளிகேஷன்-டெஸ்ட்’ என்னும் அமைவுக் கோப்பை எழுதியிருந்தேன். ஆனால் ‘டெஸ்ட்’ ப்ரொஃபைலை இயக்கும் ‘ஆக்டிவ் ப்ரொஃபைல்ஸ்’ குறிப்பைச் சோதனை வகுப்பின் தலைப்பில் இட மறந்துவிட்டேன். ஆகவே ஸ்பிரிங் பூட் முதன்மை அமைவை மட்டுமே படித்தது. அதில் உண்மையான கோப்புறையின் முகவரியும், படித்தபின் கோப்பை அழிக்கச் சொல்லும் ‘டெலீட்’ விருப்பமும் இருந்தன. தரவுத்தளத்துக்குச் செல்லும் முனையையோ நான் போலி முனையாக மாற்றியிருந்தேன். கோப்புகள் போலி முனையை அடைந்தன. பணி முடிந்ததென்று கேமல் மூலத்தை அழித்தது. எந்த ப்ரொஃபைலும் குறிக்கப்படவில்லை, இயல்பானதை ஏற்கிறேன் என்னும் செய்தி பதிவேட்டின் தொடக்கத்திலேயே இருந்தது. பச்சையைக் கண்ட மகிழ்ச்சியில் அதை நான் படிக்கவில்லை.

‘இனிக் கவனமாக இருங்கள்’ என்று நண்பர்கள் கூறினர். இந்த அறிவுரையில் எனக்கு நம்பிக்கை இல்லை. மறதி மனித இயல்பு. தமிழில் எழுவாய் வேற்றுமைக்கு உருபு கிடையாது. உருபு இல்லாமையே பொருள் தருகிறது. மொழியில் அது சிக்கனம். அமைவுக் கோப்பிலோ, ஒன்றும் குறிக்காமல் விட்டால் மிக ஆபத்தான பொருள் கொள்ளப்படும்படி நானே எழுதி வைத்திருந்தேன். கேமலின் இயல்பு கூடக் கோப்பை அழிப்பதன்று; படித்த கோப்பை ‘.கேமல்’ என்னும் உட்கோப்புறைக்கு நகர்த்துவதே. அழிக்கச் சொன்னவன் நான்.

எனவே முதன்மை அமைவில் உண்மையான முகவரி எதுவும் இருத்தலாகாது என்பது என் கருத்து. முகவரிகளை அந்தந்த ப்ரொஃபைலுக்கு உரிய கோப்பில் மட்டும் எழுதுக. ப்ரொஃபைலைக் குறிக்க மறந்தால், முகவரிக்கு மதிப்புக் கிட்டாமல் செயலி தொடக்கத்திலேயே பிழை கூறி நின்றுவிடும். சோதனை வழியில் ‘நோஆப்’ விருப்பத்தைத் தருக. கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். ஒவ்வொரு முறையும் ப்ரொஃபைலைக் குறிப்பது தொல்லை எனலாம். ஒரு வரி எழுதும் தொல்லைதான் அது.

பதிவுகளை மீண்டும் கேட்டு எழுதத் தொடங்கியிருக்கிறேன். ஆயினும் சில சொற்களுக்குப் பேசியவர்களே பின்னர் அளித்த விளக்கங்களைக் கோப்புகளில் மட்டுமே குறித்திருந்தேன். அவை ஒலிப்பதிவில் இல்லை. அவ்வாறு விளக்கம் சொன்ன பாட்டியருள் ஒருவர் இன்று உயிரோடு இல்லை.