வழி சொல்ல ஆள் வேண்டும்

நியூயார்க் என்றதும் பணமூட்டைகள் குவிந்து கிடக்கும் வால் தெருதான் பலருக்கு நினைவு வரும். அதே நகரத்தில் ஹோட்டலில் தட்டுக் கழுவுகிறவர்களும், வீடு கூட்டுகிறவர்களும், லாரி ஓட்டுகிறவர்களும் லட்சக்கணக்கில் வாழ்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் படிக்கும் இடம் நியூயார்க் நகர சர்வகலாசாலை. 1847-ல் ஒரே கல்லூரியாகத் தொடங்கிய அந்த ஸ்தாபனத்தில் வெகுகாலம் சம்பளமே கிடையாது. ஆனால் சம்பளம் இல்லாவிட்டால் மட்டும் ஏழைப் பிள்ளை பட்டம் வாங்கிவிடுவானா?

அமெரிக்கக் கல்லூரியில் இன்ன வருஷம் இன்ன பாடம் என்று எழுதிக் கொடுத்துவிடுவதில்லை. பட்டத்துக்கு 120 'கிரெடிட்' சேர்க்க வேண்டும். ஒரு பாடத்துக்குப் பெரும்பாலும் 3 கிரெடிட். நூற்றுக்கணக்கான பாடங்களிலிருந்து மாணவனே பருவந்தோறும் பொறுக்கி எடுக்க வேண்டும். இதைப் படித்தால்தான் அதைப் படிக்கலாம் என்று விதிகள் உண்டு. சிரமப்பட்டுத் தேறிய பாடம் பட்டக் கணக்கில் சேராமலே போவதும் உண்டு. மத்திய சர்க்கார் ஏழை மாணவருக்குத் தரும் 'பெல்' உதவித்தொகையோ 12 பருவங்களுக்கு மேல் கிடையாது. தப்பான பாடத்தில் ஒரு பருவம் வீணானால் உதவித்தொகையிலும் ஒரு பருவம் கழிந்துவிடும்.

டாக்டர் வீட்டுப் பையனுக்கு இது ஒரு பிரச்னையே அல்ல. சாப்பிடும் நேரத்திலேயே அப்பாவிடம் கேட்டுக் கொள்வான். பெற்றோர் கல்லூரி வாசலை மிதித்தறியாத வீடு எப்படி இருக்கும் என்பதை நம் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. மில்லில் புதிதாக வரும் பதிலித் தொழிலாளிக்குப் பக்கத்துப் பிரேமில் நிற்கும் அனுபவசாலி வேலையைக் காட்டித் தருகிறார். அந்தக் காரியத்தைத்தான் கல்லூரியில் படிப்பு ஆலோசகர் செய்கிறார். எந்தப் பாடம் முன்னே, எது பின்னே, வேலை நேரத்தோடு மோதாத வகுப்பு எது, உதவித்தொகை மனுவுக்குக் கெடு என்றைக்கு என்பதையெல்லாம் அவர் சொல்லித் தருகிறார். படிப்பை விட்டுவிடலாம் என்று ஒருவன் மனம் உடைந்து நிற்கும்போது உட்கார வைத்துப் பேசுவதும் அவர் வேலைதான்.

இந்த வேலையின் மதிப்பை நியூயார்க் மாணவர்கள் எப்போதோ அறிந்திருந்தார்கள். சம்பளம் இல்லையே தவிர, உயர்ந்த மார்க் இல்லாதவருக்கு இடமும் இல்லை. கறுப்பர்கள் வாழும் ஹார்லம் பகுதியில் நின்ற சிட்டி கல்லூரியில் கறுப்புப் பிள்ளைகள் சொற்பமே. 1965-ல் அங்கே 'சீக்' என்ற திட்டம் தொடங்கியது. கறுப்பின, போர்ட்டோ ரிக்கோ ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, கைச்செலவுக்குப் பணமும் தனிப்பாடமும் ஆலோசகரும் கொடுத்தார்கள். 1969-ல் மாணவர்கள் கல்லூரியை மறித்துப் போராடியபோது, அத்திட்டத்தில் யாரை நியமிப்பது, யாரை நீக்குவது என்பதில் எங்களுக்கும் குரல் வேண்டும் என்பது அவர்களுடைய ஐந்து கோரிக்கைகளில் ஒன்று. 1970-ல் உயர்நிலைப் பள்ளியை முடித்த எல்லோருக்கும் சர்வகலாசாலை திறந்தது.

1975-ல் நகரசபை கடனில் மூழ்கியது. பாங்கிக்காரர்கள் மேற்கொண்டு கடன் தர மறுத்தார்கள். செலவை வெட்டு என்று நெருக்கினார்கள். 129 வருஷ இலவசப் படிப்பு 1976-ல் முடிந்தது. ஆசிரியர்கள் பலர் வேலையிழந்தார்கள். கதவு எல்லோருக்கும் திறந்து ஆறே வருஷம் ஆகியிருந்தது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

2007-ல் அதே சர்வகலாசாலை, இரண்டு வருஷப் பட்டம் தரும் தன் கல்லூரிகளில் 'ஏ.எஸ்.ஏ.பி.' என்ற திட்டத்தைத் தொடங்கியது. உதவித்தொகை போக மிஞ்சும் சம்பளம் ரத்து. பாடப் புத்தகம் இலவசம். ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் மாதாந்திர பாஸ் இலவசம். ஆனால் திட்டத்தில் ஒழுங்காகப் பங்குகொண்டால்தான் பாஸ். எல்லாவற்றுக்கும் மேலாக, 60 முதல் 80 மாணவருக்கு ஓர் ஆலோசகர் இருந்தார். அதே கல்லூரிகளின் மற்ற மாணவர்களுக்கோ 600 முதல் 1,500 பேருக்கு ஒருவர்தான் இருந்தார்! அத்தனை பேருக்கு ஒருவர் என்றால் அவர் முகத்தையாவது மாணவன் பார்த்திருப்பானா?

இது சொந்த விளம்பரம் அல்ல. 2010-ல் ஏழை மாணவர் 896 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, எம்.டி.ஆர்.சி. என்ற ஆராய்ச்சி நிறுவனம் பார்த்தது. மூன்று வருஷத்தில் திட்டத்துக்கு வெளியே இருந்தவர்களில் 100-க்கு 22 பேர் பட்டம் வாங்கினார்கள். உள்ளே இருந்தவர்களில் 40 பேர். ஓஹையோ மாகாணத்தின் மூன்று கல்லூரிகளில் செய்து பார்த்தபோதும் ஏறக்குறைய இதே கதைதான். ஆலோசகர் ஒருவரே இதைச் சாதித்தார் என்று நாம் சொல்லவில்லை. பஸ் பாஸ் இல்லாதவன் ஆலோசகரிடம் எப்படி வந்து சேருவான்?

செலவாகும் என்பார்கள். ஆகத்தான் செய்கிறது. மூன்று வருஷத்தில் மாணவர் ஒருவருக்கு 16,300 டாலர் கூடுதல். ஆனால் வாங்கிய பட்டம் ஒன்றுக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் இந்த வழியில்தான் செலவு குறைவு. பாதியில் படிப்பை விட்டவருக்காகச் செலவிட்ட பணத்தை மட்டும் எந்தக் கணக்குப்பிள்ளையும் நஷ்டம் என்று எழுதுவதில்லை!

எனினும் ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க முடியாது. திட்டத்தில் சேர முழுநேர மாணவராக, அதாவது பருவத்துக்கு 12 கிரெடிட்டாவது படிக்கிறவராக, இருக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். பகல் முழுதும் உழைத்துவிட்டு, மாலையில் ஒரு பாடம், இரண்டு பாடம் என்று எட்டிப் பிடிக்கிற தொழிலாளி வெளியே நின்றார். வழி சொல்ல ஆள் மிகவும் தேவைப்படுகிறவர் அவர்தான். அவரையும் இந்த ஏற்பாட்டில் சேர்க்க வேண்டும்; வேலை முடிந்து அவர் வரும் நேரத்தில் ஆலோசகரின் அறை திறந்திருக்க வேண்டும்.