கிணற்றுத் தண்ணீர் சாட்சி சொல்லும்

கோடையில் கருங்குழிப் பக்கம் ஒரு கிணறு வற்றிவிட்டால், காரணம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. மழை பொய்த்தது என்பார் அதிகாரி. பக்கத்து நிலத்துக் கரும்பு உறிஞ்சிவிட்டது என்பார் நெல் போட்டவர். ஏரியைத் தூர் வாரவில்லை என்பார் கரும்பு போட்டவர். லாரியில் தண்ணீர் விற்கிறவர் மட்டும் வாய் திறக்கமாட்டார். அவருடைய ஆழ்துளைக் கிணற்றில் இன்னும் தண்ணீர் இருக்கிறது!

இந்த வழக்கில் இதுவரை குரல் ஓங்கியவர் சொன்னதே தீர்ப்பு. ஆனால் யாரும் கூப்பிட்டு விசாரிக்காத சாட்சி ஒன்று உண்டு. தண்ணீரேதான் அந்தச் சாட்சி.

தண்ணீரெல்லாம் ஒரே தண்ணீர் என்று நாம் நினைக்கிறோம். விஞ்ஞானம் அப்படிச் சொல்லவில்லை. தண்ணீரிலுள்ள பிராணவாயு அணுக்களில் ஏறக்குறைய 500-ல் ஒன்று மற்றவற்றைவிடக் கனமானது. ஹைட்ரஜன் அணுக்களில் சுமார் 6,400-ல் ஒன்று கனமானது. ஒரே மூலகத்தின் எடை வேறுபட்ட இந்த அணுக்களைத்தான் ஐசோடோப்புகள் என்கிறார்கள். கனமான ஹைட்ரஜனை 1931-ல் கண்டுபிடித்தவர் அமெரிக்க விஞ்ஞானி ஹெரால்டு யூரே.

வெயிலில் தண்ணீர் ஆவியாகும்போது லேசானது முந்திக்கொண்டு போய்விடும், கனமானது பின்தங்கும். ஆகவே பரந்து கிடந்து வெயில் குடிக்கும் ஏரித் தண்ணீரில் கனமான அணுக்களின் விகிதம் ஏறிவிடுகிறது. பெய்த மழை நேரே மண்ணுக்குள் இறங்கியிருந்தால் இந்த அடையாளம் அதில் அவ்வளவாக இராது. உலகின் பல பாகங்களிலிருந்து வந்த மழை நீரிலும் ஆற்று நீரிலும் இந்த இரண்டு கன அணுக்களும் ஒரே கோட்டை ஒட்டி ஏறி இறங்குகின்றன என்று 1961-ல் ஹார்மன் கிரெய்க் காட்டினார். வெயிலில் காய்ந்த தண்ணீர் மட்டும் அந்தக் கோட்டை விட்டு விலகி நிற்கும். அதுதான் தண்ணீரின் அங்க அடையாளம்.

செங்கற்பட்டு ஏரிகள் நிறைந்த சீமை. வடக்கே பாலாறு, பக்கத்தில் மதுராந்தகம் பெரிய ஏரி. அடியில் கடினப் பாறை. மேலே சிதைந்த மண்ணிலும் பாறை வெடிப்பிலும்தான் தண்ணீர் தங்குகிறது. ஒரு கிணற்றில் ஏரியின் அடையாளம் தெரிந்தால், அந்தக் கிணற்றுக்கு ஊற்று ஏரிதான். அப்புறம் ஏரியைத் தூர் வாருவது யாரோ போடும் பிச்சையல்ல, அந்தக் கிணற்றுக்காரரின் உரிமை என்று ஆதாரத்தோடு பேசலாம். ஆழ்துளையில் வருவது பன்னெடுங்காலத்துத் தண்ணீர் என்று தெரிந்தால், அதை லாரி லாரியாக விற்பது வட்டியில் பிழைப்பதல்ல, முதலையே அழிப்பது என்றும் சொல்லலாம்.

ஏட்டுச் சுரைக்காய் என்று யாரும் சிரிக்கவேண்டாம். நெய்வேலியைப் பாருங்கள். அங்கே நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கிறது. இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கம் வெட்ட முடியும். சோவியத் உதவியோடு 1962-ல் மின்நிலையம் ஓடத் தொடங்கிய இடம் அது. இறைக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அதன் வயது என்ன என்ற கேள்விக்கு ஐசோடோப்புகளை அளந்துதான் விடை கண்டார்கள். மேற்கே மணற்கல் தரை மேல் தெரியும் பகுதியில் மழை இறங்குகிறது. கடலை நோக்கிப் போகப் போக வயது ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஏறுகிறது. சுரங்கத்துக்கு வேண்டும் என்றதும் அளந்தார்கள். விவசாயிக்கு வேண்டும் என்றால் மட்டும் கருவி இல்லையா?

கடற்கரைக்கு வாருங்கள். இறால் பண்ணைகளால் கிணறுகள் உப்பாயின என்று கீழ்த்தஞ்சை ஜனங்கள் முறையிட்டார்கள். எஸ். ஜகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆனால் ஒவ்வொரு ஊரிலும் அந்த வாதம் மீண்டும் எழுகிறது: உப்பு யாருடையது? கடல் ஊடுருவினால் உப்பும் கன அணுக்களும் கடல் நீரின் கணக்குப்படி சேர்ந்து ஏறும். குளத்தில் வற்றிச் சுண்டிய நீர் கசிந்தால் அதில் ஆவியான அடையாளம் இருக்கும். மண்ணிலிருந்த உப்பு கரைந்தால், உப்பு மட்டும் ஏறும். அணுக்களின் விகிதம் மாறாது. மாமல்லபுரம் கரையில் விடுதிகள் பெருகிவிட்டன. கடல் நீரைக் குடிநீராக்கிச் சென்னைக்கு அனுப்ப நெம்மேலியில் 2013-ல் ஒரு நிலையமும் 2024-ல் இன்னொன்றும் வந்துவிட்டன. அதே கரையில் குடியிருக்கும் மீனவர் குப்பத்துக் கிணறு உப்பாகிறதென்றால் அது எந்த உப்பு என்று சொல்ல வேண்டாமா?

ஐசோடோப் மந்திரமல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை ஒரு புட்டி எடுத்துத் தீர்ப்பெழுத முடியாது. உப்பளவும் நீர்மட்டமும் சேர்த்துப் பார்க்கவேண்டும். பருவத்துக்குப் பருவம் எடுக்கவேண்டும். வடகிழக்குப் பருவ மழையில் கன அணுக்கள் தென்மேற்கு மழையைவிடக் குறைவு. எந்த மழை கிணற்றை நிரப்பியது என்பதுகூட இதனால் தெரியவரும்.

மண்ணின் மூச்சையும் இப்படியே விசாரிக்கலாம். வேர்களும் கிருமிகளும் விடும் கரியமில வாயு மண்ணிலிருந்து ஓயாமல் கிளம்புகிறது. நெல் ஒரு வகையாகவும் கரும்பு இன்னொரு வகையாகவும் கனமான கரியை ஏற்கின்றன. எனவே படாளம் சர்க்கரை ஆலைப் பக்கத்துக் கழனியில், மண்ணில் மட்கியிருப்பது பழைய நெல்லா, புதிய கரும்பா என்று மண்ணே சொல்லும். நிலக்கரி, பெட்ரோல் புகையிலோ கதிரியக்கக் கரி துளியும் கிடையாது. அது செத்து லட்சோப லட்சம் ஆண்டுகள் ஆனது. காற்றில் கரியமில வாயு 1958-ல் பத்து லட்சத்துக்கு 315 பங்கு. இன்று 420-க்கு மேல். ஏறியதற்கு முக்கியக் காரணம் இந்தப் புகைதான் என்று அணுக்கள் காட்டிக் கொடுத்துவிட்டன. உழுகிறவன் மேல் பழி போட இங்கே இடமில்லை. (நெல்வயல் மீத்தேன் விடுவது உண்மை, அது வேறு கணக்கு.)

கருவி விலை அதிகம்தான். லேசர் ஒளியால் அளக்கும் கருவியை இன்று வயலுக்கே கொண்டுபோய் மண்ணின் ஆவியையும் காற்றையும் அளக்கிறார்கள். தண்ணீரின் ஐசோடோப்புகளை அளக்க ஆமதாபாத் பௌதிக ஆராய்ச்சிக்கூடத்தின் தலைமையில் ஒரு தேசியத் திட்டமே நடந்திருக்கிறது. ஆனால் முடிவுகள் ஆங்கிலப் பத்திரிகைகளில் அச்சாகி, அலமாரியில் தூங்குகின்றன. தண்ணீர் கொடுத்த ஊருக்கு ஒரு வரி வருவதில்லை. இது என்ன நியாயம்?

மதுராந்தகம் வட்டாரத்து ஏரிகளிலும் அவற்றின் ஆயக்கட்டுக் கிணறுகளிலும் சர்க்கார் செலவில் இந்த அளவெடுப்பு நடக்கவேண்டும். தண்ணீர் விற்கும் ஆழ்துளைகளுக்கு இதைக் கட்டாயமாக்க வேண்டும். கிணற்றுவாரியாக முடிவைத் தமிழில் எழுதி பேரூராட்சி, ஊராட்சிப் பலகையில் ஒட்டவேண்டும். மாதிரி எடுப்பது உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளால் ஆகிற வேலைதான்: சிறு புட்டி போதும், காற்றுக் குமிழி இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, ஆவியாகாதபடி இறுக மூடி, கிணற்றின் பெயரும் தேதியும் எழுதவேண்டும். மே மாதம் ஒன்று, மழை முடிந்து ஜனவரியில் ஒன்று.