வண்ணத்தை மறந்த விதிகள்

புது தில்லி: ஐம்பது ஆண்டுகளைக் கடந்த கார்களையும் இரு சக்கர வாகனங்களையும் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவு செய்ய வகை செய்யும் விதிகளை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் அறிவிக்கை செய்தது. புதிய பதிவுக்குக் கட்டணம் ரூ. 20,000. பதிவெண்ணில் "விஏ" என்ற எழுத்துகள் இடம்பெறும். வாகனம் அசல் வடிவில் பேணப்பட வேண்டும். அடிச்சட்டம், கூடு, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது என்பது நிபந்தனை.

வண்ணத்தைப் பற்றி அந்த நிபந்தனையில் ஒரு சொல்கூட இல்லை. 1962-ல் வெளிவந்த அம்பாசிடர் ஒன்று, இன்றைய உலோக மினுக்குச் சிவப்பைப் பூசிக்கொண்டு வந்து நின்றாலும் சட்டத்தின் பார்வையில் அது அசல்தான்!

பழைய காரின் மேற்பூச்சு வெறும் அலங்காரமல்ல. அந்தத் தொழிற்சாலையின் சாட்சியம். அன்றைய பூச்சுகளுக்கு இன்றுள்ளதுபோல் கண்ணாடி மேலுறை கிடையாது. தேய்த்துத் தேய்த்து வரவழைத்த மென்மையான பளபளப்பே அவற்றின் இயல்பு. வெயிலில் வெளுத்த மேற்புறத்தைப் பார்த்து நிறம் கலந்தால் தவறாகத்தான் முடியும். கதவின் உட்பலகைக்குப் பின்னால், ரப்பர் பட்டைகளுக்கு அடியில், டிக்கியின் விரிப்புக்குக் கீழே வெயில் படாத இடங்களில்தான் தொழிற்சாலை தந்த நிறம் ஒளிந்திருக்கும். உப்புத்தாளால் ஒரு நாணய அளவுக்கு மெல்லத் தேய்த்தால், மரத்தின் ஆண்டு வளையங்களைப்போல அடுக்கடுக்காக நிறங்கள் வெளிப்படும். கலந்த நிறத்தையும் குழல் விளக்கில் அல்ல, பகல் வெளிச்சத்தில்தான் ஒப்பிட வேண்டும். விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரு நிறங்கள் வெயிலில் வேறுபட்டுவிடும்.

இந்த நிதானம் எல்லாப் பட்டறைகளிலும் கிடைப்பதில்லை. முதல் வேலையே முழு வண்டியையும் சுரண்டித் தகரத்தைக் காண்பதுதான். பிறகு பட்டி பூசி, கைக்குக் கிடைத்த வண்ணத்தை அடித்துவிடுகிறார்கள்.

கோடுகளின் கதை இன்னும் பரிதாபமானது. போருக்கு முந்தைய ஆடம்பரக் கார்களின் பக்கவாட்டில் ஓடும் மெல்லிய கோடும், சென்னையில் உருவான என்ஃபீல்டு புல்லட்டின் டேங்கில் மின்னும் பொற்கோடும் தூரிகை பிடித்துக் கையால் இழுக்கப்பட்டவை. அவற்றின் அகலமும் வளைவும் இடமும் சுரண்டும் முன்பே அளந்து வைக்கப்படாவிட்டால் மீட்க வழியில்லை. ஒட்டுத்தாள் கோடு அதற்கு ஈடாகுமா?

அம்பாசிடரின் உத்தரபாரா ஆலையில் உற்பத்தி 2014-ல் நின்றது. 2017-ல் அம்பாசிடர் என்ற பெயர் பெஜோ நிறுவனத்துக்கு ரூ. 80 கோடிக்குக் கைமாறியது. பெயருக்கு விலை உண்டு. வண்ண அட்டைகளுக்கும் பூச்சுக் குறிப்புகளுக்கும் யார் பொறுப்பு? 1993-ம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம் அரசு ஆவணங்களுக்கானது. தனியார் ஆலைகளின் ஏடுகளை அது தொடுவதில்லை.

தலைநகரில் நெருக்கடி இரட்டிப்பு. 15 ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் வாகனங்கள் இங்கு ஓடக்கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2018-ல் உறுதி செய்தது (2025-ல் அந்த ஆணை மறுபடியும் விவாதத்துக்கு வந்தது தனிக்கதை). பழம்பெரும் தகுதி 50-ல்தான் கிடைக்கும். இடையிலுள்ள 35 ஆண்டுகளில் அந்தக் கார் வேறு மாநிலத்துக்குப் போக வேண்டும். இல்லையேல் மாயாபுரியின் பழைய இரும்புக் குவியலில் சேர வேண்டும். 1983 டிசம்பரில் பிரதமர் இந்திரா காந்தி சாவி வழங்கிய முதல் மாருதி 800-ஐ அதன் நிறுவனமே புதுப்பித்துக் காட்சிக்கு வைத்திருக்கிறது. அதன் தம்பிகளுக்கு அந்தப் பேறு இல்லை.

"என் கார், என் நிறம்" என்பது உரிமையாளரின் நியாயமான வாதமே. ஆனால் அரசிடம் சிறப்புத் தகுதியும் தனிப் பதிவெண்ணும் கேட்பவரிடம் அரசும் ஒன்றைக் கேட்கலாம். மறுபூச்சுக்கு முன் எடுத்த படங்கள், அடியில் கிடைத்த அசல் பூச்சின் சிறு மாதிரி, கோடுகளின் அளவு ஆகியவற்றை மாநில ஆய்வுக் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும் என்று விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும். வசூலிக்கும் இருபதாயிரத்தில் அந்தக் கோப்பைப் பேணும் செலவு அடங்காதா என்ன?