யந்திரத்துக்குக் களைப்புத் தெரியுமா?

ஆஸ்பத்திரியில் ஓர் ஆபரேஷன் நடக்க வேண்டும். அறை காலை 10 மணிக்குத்தான் காலியாகும். டாக்டர் 12 மணிக்குப் புறப்பட்டு விடுவார். ஆபரேஷனுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். எப்போது தொடங்கலாம்?

10 மணிக்கு முன்னால் முடியாது; 10.30-க்குப் பின்னாலும் கூடாது. கணக்குத் தெரிந்த எவரும் இதைச் சொல்லி விடுவார். ஆனால், விதிகளைக் கொண்டு யோசிக்கும் கம்ப்யூட்டர் மொழி ஒன்று இந்தச் சின்னக் கணக்கில் ஒரு காலத்தில் தடுமாறியது.

அந்த மொழியின் பெயர் புரோலாக். பிரான்சு நாட்டு மார்சேல்ஸ் நகரில் அலேன் கோல்மரோர், பிலிப் ருசேல் இருவரும் 1972-ல் அதை உருவாக்கினார்கள். 'கண்ணனின் தந்தை முத்து. முத்துவின் தந்தை வேலன். தந்தையின் தந்தை பாட்டன்' என்று எழுதிக் கொடுத்தால் போதும். கண்ணனின் பாட்டன் வேலன் என்று அதுவே கண்டு சொல்லும்!

நேரக் கணக்கு வந்தபோதுதான் தொல்லை. தொடங்கும் நேரம் தெரியாவிட்டால், 'முன்னால்', 'பின்னால்' என்று அதனால் கணக்கிட முடியவில்லை. 10 மணியா, 10.01-ஆ, 10.02-ஆ என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

இதற்கு ஜோக்சான் ஜாபர், ஜான் லூயி லாசே என்ற இரு விஞ்ஞானிகள் 1987-ல் ஒரு பொது வழி காட்டினார்கள். விதிகளோடு நிபந்தனைகளும் சேர்ந்து நிற்கும். ஒவ்வொரு நிபந்தனையும் பொருந்தாத நேரத்தை வெட்டித் தள்ளும். 'நோயாளி 10.45-க்குத்தான் தயாராவார்' என்று சொன்னால், 'இது நடக்காது' என்று யந்திரம் உடனே கையை விரித்துவிடும்.

இது நல்ல முன்னேற்றம். வேலை நேரப் பட்டியல் போடுவதற்கு இத்தகைய முறைகள் இன்று பயன்படுகின்றன. ஆனால், ஒன்றை மறக்கக் கூடாது. சொன்ன நிபந்தனையைத்தான் யந்திரம் அறியும். சொல்லாததை அறியாது.

அறையைக் கழுவித் துடைக்க அரை மணி வேண்டும் என்று சொல்லாவிட்டால், ஒரு நோயாளியை வெளியே கொண்டுபோன நிமிஷமே அடுத்தவரை உள்ளே அனுப்பச் சொல்லும். இரவு முழுவதும் கண் விழித்த நர்ஸுக்கு ஓய்வு வேண்டும் என்று எழுதாவிட்டால், காலையிலும் அவர் பெயரையே போடும். அது யந்திரத்தின் குற்றமல்ல, எழுதியவரின் குற்றம்.

ஆகவே, பட்டியல் போட யந்திரம் வைப்பவர்கள், முதலில் வேலை செய்கிறவர்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். அறையைக் கழுவ எவ்வளவு நேரமாகும் என்பது அதைக் கழுவுகிறவருக்குத்தான் தெரியும். ஓய்வும் ஒரு நிபந்தனைதான். அதை முதல் வரியிலேயே எழுதட்டும்!